சும்மா கெடக்குற அலைக்கற்றைய எங்க மலைக்குத் தொறந்து விடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் ஜவ்வாதுமலைல பொறந்து வளந்தவன். மலைக்குக் கீழ சமவெளில செல்போன் டவர் பராமரிக்கிற வேலைல 11 வருஷம் இருந்தேன், டவர் மேல ஏறி ஆன்டெனா மாட்டுறது, டீசல் ஜெனரேட்டர் பாக்குறது, பேட்டரி மாத்துறது, லிங்க் கட்டாச்சுன்னா நடுராத்திரில வண்டிய எடுத்துட்டு ஓடுறதுன்னு எல்லாம் செஞ்சிருக்கேன். இப்ப ஊருக்கே திரும்பி வந்து சாமை வெதச்சுட்டு இருக்கேன். உங்க பேப்பர்ல அலைக்கற்றை, அதான் செல்போன் சிக்னல் போற ரேடியோ அலை, அதோட ஏலம், அரசாங்கத்துக்கு இத்தன ஆயிரம் கோடின்னு அடிக்கடி வருது, ஒவ்வொரு தடவையும் படிச்சுட்டு எழுதணும்னு நெனப்பேன், எழுதாம விட்டுடுவேன். இப்ப எழுத வச்சது போன ஆடி மாசம் நடந்த ஒரு விஷயம்.

ராத்திரி ஒரு மணி இருக்கும், என் தம்பி சம்சாரத்துக்கு வலி வந்துடுச்சு. 108க்கு போன் பண்ணணும். எங்க ஊர்ல எந்த வீட்டுல நின்னாலும் டவர் கெடைக்காது. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறை இருக்கு, அதுக்கு எங்க பசங்க வச்ச பேரே டவர் பாறை. மழைல வண்டிய எடுத்துட்டுப் போயி, பாறை மேல ஏறி, கைய தூக்கிப் புடிச்சு ஒரு கட்டை வந்தப்பறம் கூப்பிட்டேன். பாதி பேச்சுல கட்டாச்சு, திரும்பக் கூப்பிட்டேன், எந்த ஊரு எந்த வழின்னு கேக்குறாங்க, சொல்றதுக்குள்ள மறுபடியும் கட்டு. கடவுள் புண்ணியத்துல வண்டி வந்து சேந்துச்சு, கொழந்தையும் தாயும் நல்லா இருக்காங்க. ஆனா அந்தப் பாறை மேல நின்ன இருவது நிமிஷத்த நான் மறக்க மாட்டேன். ஏன்னா எனக்கு ஒரு விஷயம் தெரியும், எங்க ஊருக்கு மேல அலைக்கற்றை இல்லாம இல்ல, அத வாங்கினவங்க இருக்காங்க, வாங்கி அப்பிடியே வச்சிருக்காங்க.

தமிழ்நாட்டுல அலைக்கற்றைன்னு சொன்னா ஒடனே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது 2ஜி தான். 2008 ஜனவரில குடுத்த 122 லைசென்ஸ், 2010ல தணிக்கை அறிக்கைல வந்த 1 லட்சத்து 76 ஆயிரம் கோடி நஷ்டக் கணக்கு, 2012 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் அந்த 122 லைசென்ஸையும் ரத்து பண்ணது, 2017 டிசம்பர்ல சிபிஐ கோர்ட் எல்லாரையும் விடுதலை பண்ணது, இதெல்லாம் டீக்கடைல ஒக்காந்தா கொழந்தகூட சொல்லும். யாரு சரி யாரு தப்புன்னு கட்சி பாத்து பத்து வருஷம் பேசினோம். நான் அதுக்குள்ள போகல. என் வருத்தம் என்னன்னா அத்தன பேச்சுலயும் ஒரே ஒரு கேள்விதான் இருந்துச்சு, அரசாங்க கஜானாவுக்கு எவ்ளோ வந்திருக்கணும்ங்கறது. அந்த அலை எந்த ஊருக்குப் போச்சு, எந்த ஊருக்குப் போகலன்னு ஒருத்தரும் கேக்கல.

அதுக்கப்பறம் எல்லாமே ஏலம்தான். 2010ல 3ஜி ஏலத்துல மட்டும் 67,719 கோடி. 2022ல 5ஜி ஏலத்துல 1,50,173 கோடி. ஏலம் வெளிப்படையா நடக்குது, அது நல்லதுதான், எனக்கு அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா காச வச்சு மட்டும் அளந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் கதைய சொல்லணும், இது பொதுமக்கள் நெறைய பேருக்குத் தெரியாது.

செல்போன் அலைய மெகாஹெர்ட்ஸ்ங்கற எண்ண வச்சு பேண்ட் பேண்டா, அதாவது அலைவரிசையா பிரிச்சிருக்காங்க, அதுல மேல்பேண்ட், கீழ்பேண்ட்னு இருக்கு. மேல போகப் போக வேகமா டேட்டா கொண்டுபோகும், ஆனா தூரம் போகாது, சுவரு, மரம், மேடு எல்லாம் தடுக்கும். 5ஜிக்கு டவுன்ல போட்டிருக்கற 3300 மெகாஹெர்ட்ஸ் அப்பிடிப்பட்டது. கீழ 700 மெகாஹெர்ட்ஸ் அப்பிடி இல்ல, ரொம்ப தூரம் போகும், மரக்கூட்டத்துக்குள்ள நொழையும், கொறஞ்ச டவர்ல நெறைய ஊரு கவர் ஆகும். மலைக்கும் காட்டுக்கும் கிராமத்துக்கும் ஏத்த பேண்ட்னா அதுதான். அத 2016ல ஏலத்துக்குக் கொண்டு வந்தாங்க, நாடு முழுக்க ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஆரம்ப வெலையே 11,485 கோடின்னு வச்சாங்க. ஒருத்தரும் கை தூக்கல. 2021ல 6,568 கோடியா கொறச்சாங்க. அப்பவும் ஒருத்தரும் வாங்கல. 2022ல 3,927 கோடிக்கு எறங்கினப்பறம்தான் ஜியோ மட்டும் நாட்டப் பிரிச்சு வச்சிருக்கற 22 வட்டத்துலயும் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்துச்சு. ஆக 2016லருந்து 2022 வரைக்கும் ஆறு வருஷம், கிராமத்துக்குன்னே அளவெடுத்து தச்ச மாதிரி இருந்த பேண்ட், வெல சரியில்லன்னு பீரோல பூட்டி வச்ச சேலை மாதிரி கெடந்துச்சு. அதுல கொரோனா ரெண்டு வருஷமும் அடக்கம். எங்க மலைப் பசங்க ஆன்லைன் கிளாஸுக்காக பாறை மேலயும் மரத்து மேலயும் ஏறி ஒக்காந்திருந்தது அந்த நேரத்துலதான்.

நிலக்கரி இன்னிக்கு வெட்டலன்னா நாளைக்கு வெட்டிக்கலாம், மண்ணுக்குள்ளதான் இருக்கும். ஆத்து மணலும் அப்பிடித்தான், அள்ளாம விட்டா ஆத்துக்கே நல்லது. அலைக்கற்றை அப்பிடி சேத்து வைக்கிற பொருள் இல்லிங்க. நேத்து பயன்படுத்தாத அலை நேத்தோட போச்சு. அந்த ஆறு வருஷத்த இனிமே எந்த ஏலத்துலயும் திரும்ப வாங்க முடியாது.

சரி, வித்தப்பறமாவது எல்லா ஊருக்கும் வருதான்னா அதுவும் இல்ல. அலைக்கற்றைய ஊரு ஊரா விக்கிறதில்ல, வட்டம் வட்டமா விக்கிறாங்க. நாட்டுல 22 வட்டம், தமிழ்நாடு ஒரு வட்டம், சென்னையும் அதுக்குள்ளதான். அண்ணா சாலைக்கும் எங்க மலைக்கும் சேத்து ஒரே பத்திரம். வாங்கின கம்பெனி 20 வருஷத்துக்கு அந்த உரிமைய வச்சுக்கலாம். எத்தன எடத்துல போட்டே ஆகணும்னு கண்டிஷன் இருக்கு, ஆனா அது எவ்ளோ லேசானதுன்னு பாருங்க. 2010ல 3ஜி வித்தப்ப டெல்லி, மும்பை மாதிரி மெட்ரோ இல்லாத வட்டத்துல மாவட்டத் தலைநகரங்கள்ல பாதிய 5 வருஷத்துக்குள்ள கவர் பண்ணா போதும், அதுல 15 சதவீதம் கிராமப் பகுதியா இருக்கணும், அவ்ளோதான். மலை, குக்கிராமம் எதுவும் அந்தக் கணக்குல இல்ல.

கம்பெனிக்காரங்கள நான் மொத்தமா திட்ட மாட்டேன், அவங்க கிட்ட சம்பளம் வாங்கினவன் நான், கணக்கு எனக்குத் தெரியும். ஒரு டவர் போட்டா எடத்து வாடகை, கரண்ட், கரண்ட் இல்லாதப்ப டீசல், டீசல மலை மேல ஏத்துற வண்டி வாடகை, அப்பறம் அந்த டவர கீழ இருக்குற நெட்வொர்க்கோட இணைக்க பைபரோ மைக்ரோவேவ் டிஷ்ஷோ. 60 வீடு இருக்குற ஊர்ல மாசாமாசம் ரீசார்ஜ் பண்றவங்க எத்தன பேரு? வரவு செலவு கட்டாது. அதுக்கு மேல கம்பெனிங்க தலைல கடன் வேற, கம்பெனி வருமானத்த எப்பிடி கணக்குப் பண்ணி அரசாங்கத்துக்குப் பங்கு கட்டணும்ங்கற கேஸ்ல 2019 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புல மொத்தம் 1 லட்சத்து 47 ஆயிரம் கோடி பாக்கின்னு வந்து நின்னுச்சு. ஒரு காலத்துல ஒரு வட்டத்துல பத்துக்கும் மேல கம்பெனி இருந்துச்சு, இப்ப மூணு தனியாரும் பிஎஸ்என்எல்லும்தான். ஏர்செல் 2018ல திவால் ஆனப்ப நம்ம தமிழ்நாட்டுல நம்பர மாத்திக்க ஜனங்க வரிசைல நின்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்தக் கம்பெனி கைல இருந்த அலைக்கற்றையும் வருஷக்கணக்கா கோர்ட்டுலயே மாட்டிக்கிச்சு. அதனால அவங்களால இங்க டவர் போட முடியல, அது எனக்குப் புரியுது. எனக்குப் புரியாதது ஒண்ணுதான். அவங்களாலயும் போட முடியல, வேற யாரும் போடவும் கூடாதுன்னா அது என்ன நியாயம்? கடைமடைக்குத் தண்ணி வரலன்னா கடைமடைக்காரன் கெணறு வெட்டிக்கலாம். இங்க கெணறு வெட்டினா சட்டப்படி குத்தம்.

1995 பிப்ரவரி 9ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு, கிரிக்கெட் மேட்ச் ஒளிபரப்பு சம்பந்தமான வழக்கு அது, அதுல வான்அலை பொதுச்சொத்து, பொதுமக்கள் நன்மைக்குத்தான் பயன்படுத்தணும்னு தெளிவா சொல்லிட்டாங்க. சொத்து நம்முளுது, அரசாங்கம் நமக்காகப் பாத்துக்குது. அப்ப பூட்டி வச்சவங்களக் கேக்குற உரிமையும் நமக்கு இருக்கணுமில்லையா.

இருக்குன்னு சட்டமே சொல்லுது, அதத்தான் முக்கியமா எழுத வந்தேன். 2023 டிசம்பர்ல பார்லிமெண்ட்ல புது தொலைத்தொடர்புச் சட்டம் வந்துச்சு, 1885ஆம் வருஷத்து வெள்ளக்காரன் காலத்து தந்திச் சட்டத்துக்குப் பதிலா. பேப்பர்ல எல்லாம் போலி சிம் வாங்கினா என்ன தண்டனை, சாட்டிலைட்டுக்கு ஏலமா ஒதுக்கீடான்னுதான் வந்துச்சு. அந்தச் சட்டத்தோட 7ஆம் பிரிவ யாரும் பெருசா எழுதல. அதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, ஒருத்தருக்குக் குடுத்த அலைக்கற்றைய, அவருக்கு இடைஞ்சல் இல்லாம, ரெண்டாவது ஆளுக்கும் அரசாங்கம் குடுக்கலாம். இன்னொண்ணு, சரியான காரணம் இல்லாம பயன்படுத்தாம வச்சிருந்தா, அவங்க தரப்ப கேட்டுட்டு, அந்த ஒதுக்கீட்ட முழுசாவோ ஒரு பகுதியவோ ரத்து பண்ணலாம். நான் ரத்து பண்ணச் சொல்லல, அது கோர்ட்டு கேஸுன்னு இழுத்துடும். மொதல் விஷயம் போதும். கம்பெனி டவர் போடாத மலை ஒன்றியங்கள்ல, அவங்க பேண்ட்ல ஒரு சின்னத் துண்ட, ஊராட்சிக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ மகளிர் குழு கூட்டமைப்புக்கோ ரெண்டாவது ஆளா குடுங்க. கம்பெனி நாளைக்கே இங்க டவர் போட வந்தா நாங்க வெலகிக்கிறோம், சந்தோஷமா வெலகிக்கிறோம்.

ஒடனே ரெண்டு பேச்சு வரும். ஒண்ணு, அலை அலையோட மோதும், இன்டர்பெரன்ஸ் வரும்ங்கறது. டவுன்ல சொன்னா ஒத்துக்கறேன். எங்க ஊரு ஒரு பள்ளத்துல இருக்கு, நாலு பக்கமும் மேடு, அதனாலதான் கீழ இருந்து அலை வரல, அதே காரணத்தால எங்க அலையும் வெளிய போகாது. மலையே வேலி. பவர கொறச்சு வச்சு ஒரு கம்பத்துல சின்ன பேஸ் ஸ்டேஷன், அதாவது சிக்னல் குடுக்குற பெட்டி மாட்டினா அந்தப் பள்ளத்தத் தாண்டாது, இத ரேடியோ அலை வேல பாக்குற எந்த ஆர்எப் இன்ஜினியரக் கேட்டாலும் சொல்வாரு. இன்னொண்ணு பாதுகாப்பு, கேஒய்சி, அதாவது சிம் வாங்குறவங்க யாருன்னு சரிபாக்குறது. அதுக்கு சிம்ம நாங்க விக்கப் போறதில்ல, இருக்குற கம்பெனி சிம்தான் ரோமிங்ல வேல செய்யட்டும், கேஒய்சி எல்லாம் அவங்க கிட்டயே இருக்கட்டும்.

ஊரு ஜனங்களால இதெல்லாம் நடத்த முடியுமான்னு கேக்குறவங்களுக்கு, நம்ம தமிழ்நாடே செஞ்சு காட்டியிருக்குன்னு சொல்லிக்கிறேன். சென்னை ஐஐடில பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு 1990கள்ல கார்டெக்ட்னு ஒரு வயர்லெஸ் சிஸ்டம் உருவாக்கினாங்க, தாமிரக் கம்பி இழுக்காமயே கிராமத்துக்கு போனும் இன்டர்நெட்டும் கொண்டு போறதுக்கு. அத வச்சு 2001 வாக்குல மதுர மாவட்டம் மேலூர் பக்கத்துல கிராமங்கள்ல இன்டர்நெட் கியாஸ்க் போட்டாங்க, நடத்தினது அந்தந்த ஊரு ஆளுங்கதான். அதே மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்ட, இப்ப நம்ம வீட்டு வைஃபை ஓடுதே அதுதான், 2005ல லைசென்ஸ் தேவையில்லன்னு தொறந்து விட்டாங்க. ஏலம் இல்ல, காசு இல்ல, பவர் மட்டும் அளவோட இருக்கணும். அத வச்சு தேனில அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, சுத்தி இருக்குற சின்ன ஊர்கள்ல இருந்த கண் பரிசோதனை மையங்கள தூரத்து வைஃபை லிங்க் போட்டு இணைச்சாங்க, ஊர்ல இருக்குற பாட்டி ஸ்க்ரீன் முன்னாடி ஒக்காந்தா தேனில இருந்து டாக்டர் பாத்து பேசுவாரு. ஒரே ஒரு பேண்ட ஒரு கையெழுத்துல தொறந்து விட்டதுல வந்த பலன் இது. அந்தக் கையெழுத்தால கஜானாவுக்கு ஒரு ரூபா வரல, நாட்டுக்கு வந்தது எவ்ளோன்னு வீட்டுக்கு வீடு இருக்குற வைஃபை டப்பாவப் பாத்தா தெரியும்.

வெளிநாட்டுலயும் நம்மள மாதிரி வசதி கொறஞ்ச நாடுங்க செஞ்சிருக்கு. மெக்சிகோல வஹாகா மாநிலத்து மலைல தாலேயான்னு ஒரு பழங்குடி ஊரு, பெரிய கம்பெனிங்க வர மாட்டோம்னு சொன்னப்பறம் 2013ல ஊர் ஜனங்களே சொந்தமா செல்போன் நெட்வொர்க் போட்டுக்கிட்டாங்க. அந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அவங்க மேல கேஸ் போட்டு மூடல, சமூகப் பயன்பாட்டுக்குன்னு ஒரு துண்டு அலைவரிசைய ஒதுக்கி 2016ல பழங்குடி சமூக அமைப்புக்கு முறையா லைசென்ஸே குடுத்துச்சு. பிரேசில் 2021ல 5ஜி ஏலம் விட்டப்ப மொத்தத்தையும் காசா வாங்கல, பெரும்பகுதிய நெடுஞ்சாலைக்கும் சின்ன ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நெட் குடுக்கணும்னு வேலையா வாங்கிக்கிச்சு. நம்மளும் ஏலத்துல அப்பிடி வச்சிருந்தா அந்த 1,50,173 கோடில ஒரு பங்கு டவரா மாறி எங்க மலைல நின்னிருக்கும்.

அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலன்னு நான் சொல்ல வரல. 2022 ஜூலைல 26,316 கோடி ஒதுக்கி, சிக்னல் இல்லாத 24,680 கிராமத்துக்கு பிஎஸ்என்எல் மூலமா 4ஜி குடுக்கற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை அனுமதி குடுத்துச்சு. நல்ல திட்டம். எங்க ஊரு அதுல வருமான்னு ஒரு ஆபீஸுக்குப் போயி கேட்டேன். வராதாம், ஏன்னா எங்க வருவாய் கிராமத்துல மெயின்ரோட்டு ஓரத்துல சிக்னல் இருக்கு, அதனால மொத்த கிராமமும் கவர் ஆன கணக்காம். ரோட்டுல இருந்து எங்க ஊரு நாலு கிலோமீட்டர் உள்ள, நடுவுல ஒரு மேடு. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற அலைய எங்க கணக்குல எழுதி வச்சிருக்காங்க.

மேப்பும் அப்பிடித்தான். 2024ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் புது சேவைத்தர விதி போட்டுச்சு, கம்பெனிங்க எந்தெந்த எடத்துல சிக்னல் இருக்குன்னு கவரேஜ் மேப்ப அவங்கவங்க வெப்சைட்ல போடணும்னு. ரொம்ப நல்ல விதி. ஜமுனாமரத்தூர் போனப்ப ஒரு கம்பெனி மேப்ப தொறந்து எங்க ஊர தேடிப் பாத்தேன், கலர் அடிச்சிருக்கு. என் வீடு இருக்குற எடமும் கலருக்குள்ளதான் வருது. கஸ்டமர் கேருக்குப் பேசி சொன்னேன், சார் எங்க சிஸ்டத்துல உங்க லொகேஷன்ல நல்ல சிக்னல் காட்டுதுன்னு சொன்னாங்க, அதையும் அந்தப் பாறை மேல நின்னுதான் கேட்டேன். மேப்ப கம்பெனியே போடுது, சாப்ட்வேர்ல கணக்குப் போட்டு வரைஞ்சது அது, அந்த எடத்துல ஒரு ஆளு போன புடிச்சுட்டு நின்னு பாக்கணுமில்ல? ஊராட்சி செயலர், ரேஷன் கடைக்காரர், ஸ்கூல் வாத்தியார் மூணு பேரு நின்னு பாத்து எழுதிக் குடுத்தா அத மேப்புக்கு மேல ஏத்துக்கணும்னு விதி வைக்கணும். ட்ராய் பரிந்துரைதான் பண்ணும், அலைக்கற்றைய யாருக்குக் குடுக்கறதுங்கற முடிவு டெல்லில தொலைத்தொடர்புத் துறை கைலதான்னு எனக்குத் தெரியும், ஆனா தரத்துக்கு விதி போடுற அதிகாரம் ட்ராய் கிட்டயே இருக்கே.

இதெல்லாம் ஏதோ வீடியோ பாக்கறதுக்காகக் கேக்குறோம்னு யாராவது நெனச்சா, ஒரு நாள் எங்க ரேஷன் கடைக்கு வந்து நிக்கணும். கைரேக மெஷினுக்கு டவர் கெடைக்கலன்னா அரிசி இல்ல. மெஷின தூக்கிட்டு கடைக்காரரு மேட்டுக்குப் போவாரு, பின்னாடியே வயசானவங்க நடப்பாங்க. 100 நாள் வேலைக்கு ஆப்ல போட்டோ எடுத்து அட்டெண்டன்ஸ்னு ஆனதுலருந்து போட்டோ ஏறலன்னா அன்னிக்கு கூலி போச்சோன்னு பொம்பளைங்க பயந்துட்டு நிக்கிறாங்க. பேங்க்கு, கேஸ், ஸ்காலர்ஷிப்பு, எதுக்கும் ஓடிபி. ஓடிபி வர்ற எடத்துக்கு நாங்க போயி சேர்றதுக்குள்ள அதுக்கு டைம் முடிஞ்சுடுது. அரசாங்கமே எல்லாத்தையும் போன்ல கொண்டுபோயி வச்சுட்டு, அந்த போன் வேல செய்யுற அலைய மட்டும் லாபம் வர்ற எடத்துக்குன்னு விட்டா நாங்க எங்க போறது.

இதுக்கு நாங்க இலவசமும் கேக்கல. கம்பெனிங்க வருமானத்துல 5 சதவீதம் கிராமச் சேவைக்குன்னு தனி நிதிக்குப் போவுது, முன்னாடி யூஎஸ்ஓ பண்ட், இப்ப டிஜிட்டல் பாரத் நிதின்னு பேரு. பாறை மேல ஏறி ரீசார்ஜ் பண்ற எங்க காசும் அதுல இருக்கு. அந்த நிதில இருந்து ஒரு கம்பம், ஒரு சின்ன பேஸ் ஸ்டேஷன், ரெண்டு சோலார் பேனல், ஊராட்சி ஆபீஸ் வரைக்கும் பாரத்நெட்ங்கற அரசாங்க கிராம இன்டர்நெட் திட்டத்து பைபர் கேபிள ஒழுங்கா இழுத்து அதுல இருந்து ஒரு லிங்க், இது போதும். ஏறி மாட்டவும் ரிப்பேர் பாக்கவும் மலைலயே ஐடிஐ படிச்ச பசங்க இருக்காங்க, நான் கத்துக் குடுக்கறேன்.

ஐயா, உங்க பேப்பர்கிட்ட நான் கேக்குறது மூணு. ஒண்ணு, தமிழ்நாட்டு வட்டத்துல எந்தக் கம்பெனி கைல எந்த பேண்ட் எவ்ளோ இருக்கு, அதுல ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை, பச்சைமலை, சத்தியமங்கலம் மாதிரி ஒன்றியங்கள்ல எத்தன டவர்ல அது ஓடுதுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கி வெளியிடுங்க. ஏலத் தொகைய மொதப் பக்கத்துல போட்டீங்க, இதையும் அங்கயே போடுங்க. ரெண்டாவது, எங்க தொகுதி எம்பி மட்டுமில்ல, மலை இருக்குற எல்லா தொகுதி எம்பியும் 7ஆம் பிரிவ மொதல்ல மலை ஒன்றியங்கள்ல அமல்படுத்தச் சொல்லி பார்லிமெண்ட்ல கேக்குற மாதிரி அவங்க கிட்ட பேட்டி எடுங்க. மூணாவது, உங்க நிருபர் ஒருத்தர இங்க அனுப்புங்க. மேப்புல கலர் அடிச்ச எடத்துல அவரு போன புடிச்சுட்டு நிக்கட்டும், போட்டோ எடுக்கட்டும். வர்ற தேதிய தயவுசெஞ்சு லெட்டர்ல எழுதிடுங்க, கார்டு வந்து சேர நாலு நாள் ஆகும். போன்ல சொன்னா எனக்கு வராது. அன்னிக்கு காலைல மொத பஸ்ஸுக்கே ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுல வண்டியோட நிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
ஜவ்வாதுமலை, திருவண்ணாமலை மாவட்டம்.